போகச் சொன்னார்களா, நீங்களாகப் போனீர்களா?

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எனக்கு. ஒன்பது வருடமாக ஒரு நாளிதழுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, அச்சான படத்துக்கு 300 ரூபாய். கள்ளக்கடல், அதாவது முன்னறிவிப்பில்லாமல் பொங்கிவரும் கடல், ஏறி வீடுகள் இடிந்த அன்று, சித்தி வீட்டில் தண்ணீர் என்று கேட்டு விடியும் முன்னே ஓடினேன். பாதி வீடு போன பிறகும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். அது முதல் பக்கத்தில் வந்தது, என் பெயர் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே படம் ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தின் காலண்டரில் இருக்கிறது. பத்திரிகையிடம் வாங்கியதாகச் சொல்கிறார்கள். பத்திரிகைக்காரர்களோ, "நாங்க அனுப்பி எடுத்த படம், உனக்கென்ன?" என்கிறார்கள். இன்றுவரை பெட்ரோல் காசுகூடத் தரவில்லை. கேமரா, மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. திருட்டு வழக்குப் போட்டு 25 லட்சம் கேட்கலாமா?

பதில்: பெட்ரோல் காசு, ஒன்பது வருட உழைப்பு, அடகில் இருக்கும் நகை, இதில் எதையும் நீதிமன்றம் எடைபோடாது. பெயர் போடாத விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான்: சித்தி வீட்டில் தண்ணீர் என்று கேட்டு ஓடினேன்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதுதான் சொல்கிறது. படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசுக்காக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கேட்டவரே முதல் உரிமையாளர். அவர் அதைக் காலண்டருக்கும் விற்கலாம். பத்திரிகையில் சம்பளத்துக்கு இருக்கிற புகைப்படக்காரர் எடுத்திருந்தால் கதை வேறு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை, பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டும்தான் நிறுவனத்துக்குப் போகும், மற்றதெல்லாம் அவருக்கே. அனுப்பி எடுக்க வைத்தார்கள் என்று ஆகிவிட்டால், படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேமரா பையோடு பைக்கில் அலைகிற எத்தனையோ தம்பிகளுக்கு இது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆக, அந்தப் படம் எடுத்த நேரம் என்ன, பத்திரிகையிலிருந்து முதல் அழைப்பு வந்த நேரம் என்ன? நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், "அங்க போயி ரெண்டு படம் எடு" என்ற செய்தி காலை 7.50-க்கு வந்திருக்கிறது. பாட்டியின் படம் 6.12 என்கிறீர்கள். அது உண்மையானால் நீங்கள் யார் அனுப்பியும் போகவில்லை, படம் உங்களுடையது. அச்சானால் மட்டும் காசு என்கிற ஏற்பாடும் உங்களுக்கே சாதகம். எழுத்தில் கையெழுத்துப் போட்டு நீங்கள் உரிமையை மாற்றிக் கொடுக்காதவரை, வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் மட்டும் உரிமை கைமாறாது. கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு தேதியே வைக்காமல் வருடக்கணக்கில் படம் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் பயத்தைச் சொல்கிறேன். அதே ஸ்கிரீன்ஷாட்டுகளில், போன மாதம் நீங்கள் கோபத்தில் அனுப்பியதும் இருக்கிறது: "நீங்க போகச் சொன்னதுனாலதானே அண்ணே போனேன், பெட்ரோல் காசாவது தாங்க." ஐந்நூறு ரூபாய்க்காக, எதிர்த்தரப்பு வக்கீல் எழுத வேண்டிய வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கூலி கேட்கிற மனிதன் "நீங்கள் அனுப்பினீர்கள்" என்றுதான் சொல்வான், அது இயல்பு. ஆனால் உரிமை கேட்கிற மனிதன் அதைச் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் கேட்க முடியாது.

இதே குழியில் விழுந்த ஒருவருக்காக நான் வாதாடியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் யானை இறங்கிய படம். என்னிடம் வருமுன் அவரே ஒரு நோட்டீஸ் எழுதி அனுப்பியிருந்தார். தனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, "தங்கள் அலுவலகத்தின் கட்டளையை ஏற்று உயிரைப் பணயம் வைத்து" என்று தொடங்கியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி எங்களால் நகரவே முடியவில்லை. உண்மையில் அந்தத் தோட்டம் அவர் வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது, யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

அதனால் இன்றிலிருந்து பத்திரிகைக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள். அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம், அவர்களிடம் அது இருக்கிறது, அழித்தால் மறைத்ததாகத்தான் ஆகும். நிலுவையைத் தருகிறோம், இந்த வவுச்சரில் கையெழுத்துப் போடு என்று கூப்பிடுவார்கள். அதில் பொடி எழுத்தில் "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தால், உரிமை கைமாற 19-ஆவது பிரிவு கேட்கிற எழுத்து அதுவேதான். 300 ரூபாய்க்குப் படத்தை விற்றதாக முடியும். முகநூலில் "திருட்டுப் பத்திரிகை" என்று போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அவதூறு வழக்கை வைத்து உங்களை மிரட்ட அது போதும்.

திருட்டு வழக்கு வேண்டாம். பதிப்புரிமை மீறலைக் குற்றமாக்கும் 63-ஆவது பிரிவில், தெரிந்தே மீறியதாகக் காட்ட வேண்டும். கடன் நிறுவனம் பத்திரிகையிடம் காசு கொடுத்து வாங்கிய ரசீதை நீட்டும். 25 லட்சமும் வேண்டாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய், அதற்கே 75,000 ஆகிறது. 3 லட்சத்துக்கு மேல் கேட்டால் வணிக நீதிமன்றச் சட்டம் வரும், அவசரத் தடை கேட்காவிட்டால் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசப் பேச்சுக்குத்தான் அனுப்புவார்கள். எப்படியும் அந்த மேசையில்தான் உட்காரப் போகிறீர்கள் என்றால், 6.12 உங்கள் கையில் உறுதியாக இருக்கும்போதே உட்காருங்கள். சமரசமாகப் போங்கள் என்றே சொல்வேன். காலண்டர் அச்சு நிற்க வேண்டும், நியாயமான கட்டணம் வர வேண்டும், உங்கள் பெயர் அச்சாக வேண்டும். பெயரைக் கேட்கும் உரிமை 57-ஆவது பிரிவில் இருக்கிறது. படம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பானாலும் அதை உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஒரு விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பாட்டிக்குத் தெரியுமா? இடிந்த வீட்டின் செய்தியில் அவர் முகம் வருவது வேறு, வீட்டுக்கடன் விளம்பரத்தில் வருவது வேறு. ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாறு தொடர்பான வழக்கில், ஒருவரின் உருவத்தைச் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் அந்தரங்க உரிமையை மீறுவதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் கடன் நிறுவனத்திடம் நீங்களே பணம் வாங்கிக்கொண்டு காலண்டரை அனுமதித்தால், அடுத்த நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரலாம், வருவதில் நியாயமும் இருக்கிறது. சமரசப் பத்திரத்தில் அவர் பெயரும் பங்கும் இருக்கட்டும். சித்தி வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். அப்புறம் மெமரி கார்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.