மைக் பிடித்த தங்கையின் பெயர் எங்கே?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் திரைப்படப் படிப்பு, கடைசி ஆண்டு. நான் எடுத்த 12 நிமிடக் குறும்படத்துக்குத் துறை விழாவில் முதல் பரிசு கிடைத்தது. வெளி விழாக்களுக்கு அனுப்பினேன். எல்லா இடத்திலும் நிராகரித்துவிட்டார்கள். துறையின் பழைய கேமராதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓய்வுபெறும்போது வரும் பணத்தில் புது கேமரா வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு எல்லாம் என் பெயரில்தான் வந்திருக்கிறது. ஆள் கிடைக்காததால் மூன்று நாளும் தங்கை மைக் பிடித்தாள். சில இடங்களில் வசனம் தெளிவாக இல்லை, இசையைப் போட்டுச் சமாளித்தேன். கேமரா வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அப்பாவின் பணம் அப்பாவிடமே இருக்கட்டும்.

தம்பி, கேமராவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் தங்கையை ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள். மூன்று நாள் மைக் பிடித்தவள் அவள். டைட்டிலில் ஒலி என்ற இடத்தில் உங்கள் பெயர். ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்களே, அவள் ஆள் இல்லையா? வீட்டுப் பெண் என்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வருவாள், பேர் போட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம் என்ற பழக்கம் படப்பிடிப்புத் தளம் வரை வந்துவிட்டது. எனக்கு இது கோபமாகவே இருக்கிறது.

உங்கள் படத்தின் கோளாறும் அங்கேதான் இருக்கிறது. அவள் காதில் ஹெட்ஃபோன் இருந்ததா? ஃபிரேமின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் மானிட்டரில் காட்டினீர்களா? காட்டாவிட்டால் மைக் படத்தில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் யாரானாலும் எட்டியேதான் பிடிப்பார்கள். மைக் வாயிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்குள், ஃபிரேமுக்குச் சற்று மேலே, மார்பை நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். சுவரில் மோதி வரும் எதிரொலி அப்படியே நிற்கும். எடிட்டிங்கில் குரலை ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும். கேமராவில் ஆட்டோ கெயின், அதாவது ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி, ஓடியிருந்தால் இன்னும் மோசம்: நடிகர் மூச்சு விடும் இடைவெளியில் ஃபேன் சத்தம் மேலே எழும்பி வரும். இதற்கு மேல் இசையைப் போட்டால் புரிந்த வார்த்தையும் போய்விடும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். எந்த விலை கேமராவும் இதைச் சரிசெய்யாது.

1919-இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில் ஃபிலிமுக்கே தட்டுப்பாடு. அங்கே பாடம் நடத்திய இயக்குநர் குலெஷோவின் மாணவர்கள் ஃபிலிம் இல்லாமலே காட்சியமைத்து, நடித்துப் பழகினார்கள். பின்னாளில் பெரிய இயக்குநரான புடோவ்கின் அந்தப் பட்டறையில் உருவானவர். நீங்கள் பழைய கேமராவைக் குறை சொல்கிறீர்கள்!

எடுத்த படத்தை இன்னும் காப்பாற்றலாம். முதலில் இசையை முழுக்க அணைத்துவிட்டுப் படத்தைக் கேளுங்கள். புரியாத வசனங்களை நேரத்தோடு குறியுங்கள். மற்ற டேக்குகளில் அதே வரி சுத்தமாக இருக்கிறதா என்று தேடுங்கள். உதட்டசைவோடு பொருந்தும் வரி பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காததற்கு நடிகரை அதே அறைக்கு வரவழைத்து, அதே மைக்கை மேலே சொன்ன தூரத்தில் வைத்துப் பேசவைத்துப் பதியுங்கள். ஒலிப்பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டுகளுக்கு அடியில் அதை விரித்தால் ஒட்டு தெரியாது. இசையை அதற்குப் பிறகு, குறைவாகச் சேருங்கள்.

இந்தப் பருவத்தில் சொந்தப் படம் வேண்டாம். வகுப்புத் தோழர் யாருடைய படத்துக்காவது நீங்கள் பூம், அதாவது மைக் மாட்டிய நீண்ட கோல், பிடியுங்கள். கோலைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையைப் பூட்டாமல், ஒரு நீண்ட டேக் முழுக்க நில்லுங்கள். தோள் எரியும், விரல் வழுக்கும். விரலை மாற்றிப் பிடிக்கும் உரசல்கூட ஹெட்ஃபோனில் இடிபோல் கேட்கும். பல்கலைக்கழகத்தில் படிப்பதன் பெரிய லாபமே இதுதான்: பத்துப் பேர் படத்தில் பத்து வேலை செய்து பார்க்கலாம், தவறினால் யாருடைய முதலும் போகாது. ஐந்து வேலைக்கும் ஒரே பெயர் போட்ட டைட்டிலைப் பார்க்கும் அனுபவசாலி, இவருக்குக் குழுவோடு வேலை செய்யத் தெரியாது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்.

இன்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தங்கையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவளையே கேட்டு, ஒலிப்பதிவு என்ற தலைப்பின் கீழ் தனி அட்டையில் போடுங்கள்; கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் தள்ளிவிடாதீர்கள். துறைக் காப்பகத்தில் உள்ள பிரதியை மாற்றக் கடிதம் கொடுங்கள். பரிசுச் சான்றிதழில் ஒலிக்கு உங்கள் பெயர் இருந்தால் அதையும் திருத்தித் தரச் சொல்லுங்கள்.