பழைய கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது: கடலூர், புதுச்சேரி கேள்வி பதில்

பொதுக் கட்டடம், சொந்த வீடு, கோயில் என்று கலந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கடலூர் முதுநகர்): சார், எங்க தெருவில் நூறு வருஷத்துக்கு மேலான வாசகசாலைக் கட்டடம் ஒண்ணு இருக்கு. எஸ்டிமேட் 30 லட்சம். ‘பாரம்பரியத்தைக் காப்போம்’னு நோட்டீஸ் அடிச்சு ரெண்டு மாசமாச்சு, 40,000 கூடத் தேறலை. எங்கே தப்பு?

பதில்: நோட்டீஸில்தான். பாரம்பரியத்துக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு கொடுப்பது என்று புரியாமல் ஐந்நூறை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எஸ்டிமேட்டை உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள். தேக்கு உத்திரம் ஒன்று, ஜன்னல் ஒரு ஜோடி, மேல்தளம் 100 சதுர அடி, முன்பக்கத் தூண் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, ஒரு போட்டோ. ‘கிழக்குப் பக்கம் மூன்றாவது உத்திரம் உங்களுடையது’ என்றால் மனிதர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து, 30 லட்சத்தை 3,000 பேரிடம் ஆளுக்கு ஆயிரம் வாங்கிவிடலாம் என்ற கணக்கை விடுங்கள், அது நடக்காது. இப்படிப் போடுங்கள்: 5 லட்சம் ஒருவர், 2.5 லட்சம் இருவர், 1 லட்சம் 5 பேர், 50,000 பத்துப் பேர், 25,000 இருபது பேர், 5,000 நூறு பேர். ஒவ்வொரு படியிலும் 5 லட்சம் வருகிறது, ஆறு படிக்கு 30 லட்சம். ஒரு ‘சரி’ வாங்க மூன்று நான்கு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும்; ஆகவே மேல் மூன்று படிகளின் 8 பேருக்கு 25, 30 பெயர்கள் கையில் இருக்கட்டும். அவர்களை நோட்டீஸ் வைத்துப் பிடிக்க முடியாது, நேரில் போக வேண்டும். பாதித் தொகை உறுதியான பிறகே ஊருக்கு அறிவியுங்கள். ‘15 லட்சம் சேர்ந்துவிட்டது, மீதி வேண்டும்’ என்றால் நம்பிக் கொடுப்பார்கள். காலி உண்டியலில் முதல் நோட்டைப் போட யாரும் விரும்புவதில்லை.

எஸ்டிமேட்டில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராச் செலவு சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பூச்சை உரித்த பிறகுதான் பழைய கட்டடம் வாயைத் திறக்கும்.

கேள்வி (அதே குழு): சுண்ணாம்பு எதுக்கு, சிமெண்ட் போட்டா பாதிச் செலவுல முடியும்னு பெரிய நன்கொடையாளரே சொல்றார். எப்படிச் சமாளிக்கிறது?

பதில்: அவரைக் கட்டடத்துக்கே கூட்டிப் போங்கள். முன்பு யாராவது சிமெண்ட் பூசிய இடம் நிச்சயம் இருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் தட்டினால் பொக்கென்று கேட்கும். ஒரு துண்டைப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் அதோடு சேர்ந்து வரும், பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நம் கடற்கரை மண்ணில் ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அடைத்துவிடும். உள்ளே சிக்கிய உப்பு படிகமாகிப் பழைய செங்கல்லைப் பொடியாக்குகிறது.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மாடித் தளத்தில், கேடு இன்னும் மறைவானது. மேலே போட்ட சிமெண்ட் வெயிலில் வெடிக்கும். அதன் வழியே இறங்கும் மழைநீர் காய வழியில்லாமல், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியை முதலில் அழுக வைக்கும். அந்த நுனியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த உத்திரம் போயிற்று. இதை ஒரு முறை தன் கையால் செய்து பார்த்தவர் பிறகு சிமெண்ட் பேச்சை எடுப்பதில்லை.

காலக்கெடுவையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் ஊற வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து, ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மிகாமல், இரண்டு மூன்று வாரம் நனைத்துவர வேண்டும். ‘பணம் கொடுத்து மாசமாச்சு, ஒண்ணும் நடக்கலையே’ என்ற முணுமுணுப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கிளம்பும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): பொருளாளர் ஜிபே நம்பருக்கே வாங்கிக்கலாமா?

பதில்: கூடாது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, அதன் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கே க்யூஆர் வாங்குங்கள். தனி ஆள் கணக்கில் விழுந்த பணம் வரித்துறைக்கு அவர் பணம், ஊருக்குச் சந்தேகம்.

கேள்வி (நெல்லித்தோப்பு): 80ஜி இருந்தால்தான் கொடுப்பார்களா?

பதில்: 80ஜி என்பது கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் பதிவு. அது மட்டுமே ஆட்களை அழைத்துவரும் என்று நினைக்காதீர்கள். பொதுவான அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கழிவு பாதித் தொகைக்குத்தான், அதற்கும் வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்பு. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவே இல்லை. புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆனாலும் வாங்கி வையுங்கள். கம்பெனிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி (முத்தியால்பேட்டை): எங்க பெரியப்பா பிரெஞ்சு பென்ஷன்காரர், இங்கேயேதான் இருக்கார். 2 லட்சம் தர்றேங்கிறார், ரூபாயாகத்தான். வாங்கலாமா மேடம்னு இன்னொரு குழுவில் கேட்டேன், யாரும் பதில் சொல்லலை.

பதில்: புதுச்சேரியில் இதில் வழுக்காத குழு அரிது. சட்டம் பார்ப்பது பணம் எந்த நாட்டு நோட்டு என்பதை அல்ல, கொடுப்பவரின் குடியுரிமையை. பெரியப்பாவின் பாஸ்போர்ட் பிரெஞ்சு என்றால், அவர் இங்கேயே குடியிருந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) இருந்தாலும் அப்படியே. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதைத் தொடக்கூடாது. பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். மாறாக, பாரிஸில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடைதான். ரசீதில் ‘குடியுரிமை’ என்று ஒரு கட்டம் சேருங்கள். பெரியப்பா பணம் தராமல் வேறு வகையில் உதவலாம்: பழைய போட்டோக்கள், வரைபடம், நாலு பேர் அறிமுகம்.

கேள்வி (நெய்வேலி): சிஎஸ்ஆர் நிதி கேட்டால் கிடைக்குமா?

பதில்: சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணம். வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பது கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது, அந்தக் கதவு திறந்துதான் உள்ளது. உள்ளே போக 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி, சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் பணம் பெறும் அமைப்புகளுக்கான பதிவு) எண், இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். புதிய குழுவுக்குக் கடைசிதான் இடிக்கும். ஏற்கெனவே தகுதியுள்ள அமைப்பின் பெயரில், அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பட்ஜெட் போடும்போது போய் நில்லுங்கள். பிப்ரவரியில் மிச்சப் பணத்துக்கு ஓடி வருவோர் கூட்டத்தில் அவசரமாய்ச் செலவழிக்கக்கூடிய வேலைக்குத்தான் மதிப்பு, சுண்ணாம்பு வேலை அதில் வராது.

தனியார் வீட்டுக்குக் கேட்காதீர்கள். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்து தனி ஆள் கையில் இருக்க விதி இடம் கொடுப்பதில்லை.

கேள்வி (புதுச்சேரி, தமிழர் பகுதி): அப்போ திண்ணையும் முற்றமும் உள்ள எங்க வீட்டுக்கு யார்தான் கொடுப்பாங்க?

பதில்: முழுதாக யாரும் கொடுக்க மாட்டார்கள். பொதுப் பணம் நியாயமாக வரக்கூடியது தெருவுக்குத் தெரியும் பகுதிக்கு. வைசியாள் வீதியில் அப்படித்தான் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் துணையோடு, திண்ணையும் தாழ்வாரமுமாக வரிசை முகப்புகளைச் சீர்செய்தார்கள், வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது வந்தது. ஒற்றை வீடாகப் போனால் கிடைக்காத கவனம் ஆறு வீடு சேர்ந்து போனால் கிடைக்கும்.

இங்கே பணத்துக்கு முன்பே விழும் முட்டுக்கட்டை பாகப்பிரிவினை. எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இல்லாமல் மானியம் நகராது. வேலை பாதியில் இருக்கும்போது மூன்றாவது தம்பி தடை வாங்கினால் சாரத்துக்கு வாடகை மட்டும் ஏறும்.

கேள்வி (அரியாங்குப்பம்): அரிக்கமேட்டில் நாங்களே பணம் போட்டு ஒரு நிழற்கூரை?

பதில்: தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை. பணமாகக் கொடுக்க 1996 முதல் தேசியப் பண்பாட்டு நிதியம் இருக்கிறது. எந்த இடத்துக்கு என்று கொடுப்பவரே குறிப்பிடலாம், வரிக்கழிவு முழுத் தொகைக்கும் உண்டு.

கேள்வி (பண்ருட்டி): அறநிலையத்துறைக் கோயில் மண்டபத்துக்கு வசூல் பண்ணலாமா?

பதில்: நீங்களாக ரசீது அடிக்காதீர்கள். உபயதாரராகச் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, துறை அனுமதித்த மதிப்பீட்டின்படிதான் திருப்பணி.

கேள்வி (தேவனாம்பட்டினம்): பணத்தை விடுங்க, இங்கே கோட்டை இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியலை. ஆதரவு எங்கிருந்து வரும்?

பதில்: ஊர்ப் பேரிலிருந்து தொடங்குங்கள். 1690இல் மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி. சுட்டுத்தான் எல்லை கண்டார்கள். உள்ளே வந்தவை குண்டு கிராமங்கள். ‘குண்டு உப்பலவாடின்னு ஏன் பேரு?’ என்று கேட்டால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் நின்று கேட்கும்.

பிறகு இந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் பாரம்பரிய நடை ஒன்று நடத்துங்கள்: காலை 6.30க்கு, ஒன்றரை மணி நேரம், இரண்டு கிலோமீட்டருக்குள். 20 பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்குக் கேட்காது. அன்றைக்குப் பணம் கேட்கவே கேட்காதீர்கள், போன் நம்பர் மட்டும் வாங்குங்கள். வார்டு உறுப்பினரை இரண்டாவது நடைக்கு அழையுங்கள். முதல் நடைக்கே வந்தால் அது அவர் கூட்டமாகிவிடும்.

கேள்வி (முதுநகர், மறுபடியும்): இது ஐப்பசி. 6 லட்சம்தான் உறுதியாகியிருக்கு. காத்திருக்கவா, ஆரம்பிக்கவா?

பதில்: சீரமைப்பை ஆரம்பிக்காதீர்கள், இடிந்து விழாமல் நிறுத்துங்கள். புதுச்சேரி மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில்தான் சரிந்தது. பிறகு உலக வங்கி நிதியில் திரும்பக் கட்டினார்கள், ஆனால் இப்போது நிற்பது புதுக் கட்டடம்.

இந்த வாரமே மாடியில் முளைத்த அரசஞ்செடியை வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வரும். மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை எடுங்கள். தார்ப்பாயைத் தளத்தின் மேல் ஒட்டப் போடாமல், காற்றுப் போக இடைவெளி விட்டுச் சரிவாகக் கட்டுங்கள். நுனி அழுகிய உத்திரங்களுக்கு அடியில் சவுக்குக் கம்பு முட்டு, கம்பின் அடியிலும் தலையிலும் பலகை வைத்து. உறுதியான தொகையில் சிறு பங்குதான் இதற்குப் போகும். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், பொங்கல் கழித்து மேல் மூன்று படிகளின் அந்த எட்டுப் பேரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோக.