தெற்குப் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து காஸீ என்ற கடலோர ஊருக்குப் போய், அங்கிருந்து ஆன்-வோ கடற்கரைக்கு ஜூலையில் நடந்து போக முடியுமா? நாங்கள் இரண்டு பெரியவர்கள், 11 வயதுப் பிள்ளை. மலையேறிப் பழக்கமில்லை.

போகலாம். ஆனால் எந்த நாள் போகலாம் என்பது முந்தைய நாள் மாலைதான் உறுதியாகும். அதனால் மார்செயில் உங்களுக்கு இருக்கும் நான்கு நாட்களில் இதற்கென்று ஒரே நாளைக் குறித்து வைக்காதீர்கள். முதல் இரண்டு நாட்களில் ஒன்றில் முயலுங்கள். அன்று பாதை மூடியிருந்தால் மறுநாளாவது மிஞ்சும்.

காரணம் காட்டுத்தீ. ஆன்-வோ இருக்கும் கலாங்க் மலைப்பகுதிக்குள் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நுழைவதை மாவட்ட நிர்வாகம் தினமும் நிறக் குறியீட்டால் அறிவிக்கிறது. சிவப்பு என்றால் அன்று முழுக்கத் தடை, மீறினால் 135 யூரோ அபராதம். மறுநாளுக்கான நிறம் மாலை ஆறு மணி வாக்கில் தெரிந்துவிடும். அந்தப் பகுதியின் தேசியப் பூங்கா வெளியிடும் ‘மே கலாங்க்’ செயலியில் பார்க்கலாம். வானத்தைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுவது இங்கே பலிக்காது. மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாளில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயிலும் அவ்வளவாக உறைக்காது. நடக்க இதைவிட நல்ல நாள் உண்டா என்று தோன்றும். அந்த வறண்ட காற்றுதான் ஒரு பொறியை நிமிடங்களில் மலை முழுக்கக் கொண்டுபோகும். சிவப்பு பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில்தான் வரும். புகைபிடிக்க ஆண்டு முழுவதும் அனுமதியில்லை.

இனி பாதை. மார்செய் சான்-ஷார்ல் நிலையத்திலிருந்து காஸீக்கு வட்டார ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். (ஊர்ப் பெயரின் கடைசி ‘ஸ்’ஸை உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பதில்லை.) ரயில் நிலையம் ஊருக்கு மேலே, துறைமுகத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. பேருந்து உண்டு. அதிகாலையில் கிடைக்காவிட்டால் இறக்கத்திலேயே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இந்த முக்கால் மணியைப் பலரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. மாலையில் களைத்த காலோடு அதே சாலையில் ஏறும்போதுதான் தெரியும்.

துறைமுகத்திலிருந்து மேற்கே, பெஸ்துவான் கடற்கரையைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தால் போர்-மியு. நீண்டு ஒடுங்கிய நீர்ப்பரப்பு, இரு கரையிலும் வரிசையாகப் படகுகள். குளிக்க ஏற்ற இடமல்ல. சிவப்பு, வெள்ளைக் கோடுகளால் குறியிட்ட நெடும்பாதையை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த அரை மணியில் போர்-பான். பைன் மரங்களும் சிறு கடற்கரையும் உள்ள இடம். இதுவரை பாதை எளிது. ஏழெட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இங்கேயே நின்றுவிடச் சொல்வேன். உங்கள் பிள்ளைக்கு 11 என்பதால் தொடரலாம்.

இதற்குப் பிறகு நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. வரைபடத்தில் துறைமுகத்திலிருந்து ஆன்-வோ வரை சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். சமதளத்தில் ஒரு மணி நேர நடை, இங்கே ஒன்றரை முதல் இரண்டு மணி ஆகும். கலாங்க் என்பது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. பனியுகத்தில் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி மூழ்கிவிட்டது. (இதே மலைத்தொடரில், 1985இல் ஆன்றி கொஸ்கேர் என்ற முக்குளிப்பாளர் கண்டுபிடித்த ஓவியக் குகையின் வாசல் இன்று கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதை வரைந்தவர்கள் காலால் நடந்தே உள்ளே போனார்கள்.) ஆகவே ஒரு கலாங்கிலிருந்து அடுத்ததற்குப் போக மேட்டில் ஏறி மறுபுறம் இறங்கியே ஆக வேண்டும். கடலோரமாகச் சுற்றிப் போக வழியில்லை.

போர்-பானிலிருந்து மேட்டில் ஏறிய பிறகு ஆன்-வோவுக்கு இறங்கும் துண்டுதான் முழு நடையிலும் கடினம். செங்குத்தான பாறை இடுக்கு. கையையும் ஊன்றித்தான் இறங்க வேண்டும். சறுக்குவதற்குக் காரணம் சரிவு மட்டுமல்ல. கோயில் வாசற்படி தலைமுறைகளின் காலடியில் வழவழப்பாவதுபோல, அந்தச் சுண்ணாம்புப் பாறை லட்சக்கணக்கான செருப்புகளால் மெருகேறிக் கிடக்கிறது. வெள்ளையாக மினுங்கும் தடம் எல்லோரும் மிதித்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் பாறையில் கால் வையுங்கள், பிடிப்பு கிடைக்கும். பாறைமேல் சிதறிய பொடிக்கல்லை மிதிக்காதீர்கள், கோலிக்குண்டுபோல் உருளும். மிகச் செங்குத்தான இடங்களில் ஏணியில் இறங்குவதுபோல் பாறையைப் பார்த்துத் திரும்பி இறங்குங்கள். பெரியவர் ஒருவர் முதலில், பிள்ளை நடுவில். தூறல் விழுந்தாலும் அன்று இறங்க வேண்டாம். தயக்கம் வந்தால் மேட்டின் விளிம்பிலிருந்தே ஆன்-வோவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். என் கணக்கில் கீழிருந்து தெரிவதைவிட மேலிருந்து தெரிவதுதான் அழகு.

அடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் சோல் உள்ள ஷூ வேண்டும். செருப்பு, தேய்ந்த கேன்வாஸ் இரண்டும் ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு 32 டிகிரி ஒரு பொருட்டா என்று தோன்றும். நம் கடற்கரை வெயிலில் வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு இழக்கிறோம் என்று காட்டிவிடும். அங்கே காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டை நனையாது. உடம்பில் நீர் குறைவதைத் தலைவலி வந்த பிறகுதான் உணர்வீர்கள். வெள்ளைப் பாறை வெயிலைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். வழியில் குடிநீர்க் குழாயும் இல்லை, ஊற்றும் இல்லை. மழை பெய்தாலும் விரிசல்கள் வழியே பாறைக்குள் இறங்கி, நிலத்தடி ஆறாக ஓடி, போர்-மியுவிலும் பெஸ்துவானிலும் கடல்மட்டத்துக்குக் கீழே உவர்நீராக வெளியேறுகிறது. காலடியில் ஆறு ஓடுகிறது, ஒரு வாய் குடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டரை லிட்டர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டரைத் திரும்பும் ஏற்றத்துக்கென்று தொடாமல் வையுங்கள். அந்த ஏற்றம் பெரும்பாலும் உச்சி வெயிலில்தான் வாய்க்கும். கடையோ கழிப்பறையோ குப்பைத்தொட்டியோ ஆன்-வோவில் கிடையாது. கொண்டுபோனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஏழு மணிக்குத் துறைமுகத்தை விட்டால் ஒன்பதுக்குள் அங்கே இருக்கலாம். சின்னக் கூழாங்கல் கடற்கரை, பதினொன்றுக்குள் நிரம்பிவிடும். சுவரோரம் நிழல் இருக்கிறதென்று பாறைக்கு நேர் கீழே உட்காராதீர்கள். மேலே கயிறு கட்டி ஏறுபவர்கள் இருப்பார்கள், கல் விழும். மிஸ்த்ரால் ஓய்ந்த மறுநாள் தண்ணீர் அதிர்ச்சி தரும் அளவுக்குக் குளிரும். காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் கடலுக்குத் தள்ள, ஆழத்து நீர் மேலே வரும். நடுக்கோடையிலும் 15, 16 டிகிரிக்கு இறங்குவதுண்டு. வியர்த்த உடம்போடு குதிக்காமல் மெல்ல இறங்குங்கள்.

பள்ளங்களில் கைபேசி சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவசர எண் 112. யாராவது விழுந்தால், ஒருவர் மேட்டுக்கு ஏறித்தான் அழைக்க வேண்டியிருக்கும். மேட்டில் இருக்கும்போதே எந்த இடத்தில் சிக்னல் வந்தது என்று பார்த்து வையுங்கள்.

ஊருக்குக் கிழக்கே 394 மீட்டர் உயர்ந்து நிற்கும் காப் கனாய் பாறை முகட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே பாறை செம்மஞ்சள், கரடுமுரடு, கால் வழுக்காது. ஆனால் விளிம்பில் தடுப்பு இல்லை, சில இடங்களில் நீங்கள் நிற்கும் பாறைக்கு அடியில் வெற்றிடம். பிள்ளையோடு போகும்போது விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டர் விலகியே நடங்கள். முகட்டுச் சாலையைப் பலத்த காற்றடித்தால் மூடிவிடுவார்கள். ஆக, ஆன்-வோ மூடிய நாளுக்கு அதை மாற்றாக வைக்க முடியாது. நான்கு நாளும் சிவப்பாகவே போனால், கடல் அமைதியாக இருக்கும் நாளில் காஸீ துறைமுகத்தில் கலாங்க் சுற்றிக்காட்டும் படகில் ஏறுங்கள். கரையில் இறக்கிவிட மாட்டார்கள். ஆனால் ஆன்-வோவின் சுவர்களைக் கடல் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்க்கலாம்.