"எனக்கு ஒண்ணும் வராதும்மா!"

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறோம். பூண்டு விவசாயம். இளைய மகளுக்கு ஒன்பது வயது. எதற்கெடுத்தாலும் "எனக்கு ஒண்ணும் வராது" என்கிறாள். படம் வரைந்தால் தாளில் ஓட்டை விழும்வரை ரப்பரால் அழிக்கிறாள். பெரியவள் இப்படியில்லை, எதையும் டக்கென்று பிடித்துக்கொள்வாள். "நீதான்டி சூப்பர்" என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் பாட்டியோடு உட்கார்ந்து பூண்டு தரம் பிரிப்பது மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், பூம்பாறை

பதில்: சகோதரி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றால் உங்கள் மகள் விவரமானவள். கிழிந்த தாள் கையில் இருக்கும்போது அம்மா "சூப்பர்" என்றால் எப்படி நம்புவாள்?

1998-இல் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரை அறிவாளி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள். அதில் தடுமாறியதும் சீக்கிரம் சோர்ந்தவர்கள் அறிவாளிப் பட்டம் வாங்கியவர்கள்தான். திரும்பச் சுலபமானதைக் கொடுத்தபோதும் முன்பைவிடக் குறைவாகவே போட்டார்கள்.

உங்களுக்கான வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பூண்டு. அங்கே அவள் "வராது" என்று சொல்வதாக நீங்கள் எழுதவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது; விதைக்கு எடுப்பதில் கோட்டைவிட்டால் அடுத்த போகமே அடிபடும். இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். சொத்தைப் பல்லைக் கண்ணால் கண்டுபிடிக்கிறாளா, விரலால் அமுக்கியா? "இது உள்ளே காய்ஞ்சிருக்குன்னு எப்படிடி தெரிஞ்சுது?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். விதைக்கூடை ஒன்றை அவள் பொறுப்பில் விடுங்கள். அவள் தூங்கியபிறகு நீங்கள் மறுபடி பொறுக்கக் கூடாது. (கை பரபரக்கும், தெரியும்.)

இன்னொன்று. இளையவளைப் பற்றிய கடிதத்தில் பெரியவள் எப்படி வந்தாள்? வீட்டுப் பேச்சிலும் இப்படித்தான் வருவாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதை நிறுத்தினாலே பாதி பாரம் குறையும்.

வகுப்பில் கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து, வாரக்கணக்கில் பள்ளிக்கே போகமாட்டேன் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ரப்பரைப் பிடுங்காதீர்கள், அழுகைதான் மிஞ்சும். ஒரு டப்பா கிரேயான் வாங்கிக் கொடுங்கள். அதை எந்த ரப்பரும் லேசில் அழிக்காது.