பத்தாவது படிக்கிற மகன் நடிகனாகணும்னு சொல்றான், ஆனா எந்நேரமும் ராப்தான் கேக்கிறான். இதனால நடிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு. நான் மேடை நாடக நடிகன், சினிமாவிலும் சின்னச் சின்ன வேஷங்கள் செய்கிறேன். என் முதல் நடிப்பு வாத்தியார் மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பி. அவருக்கு இது தெரியாது.

மகன் கதவைச் சாத்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயந்துதான் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் சாத்துவதற்குத் தனி அறை கிடையாது. வடசென்னையில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு, பாட்டெல்லாம் மொட்டை மாடிப் படிக்கட்டில்தான். மலேசியாவிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வந்தது. அதில் இருந்த 'மடை திறந்து' எங்களுக்குக் கிடைத்தது, செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்களே, அப்படி. ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. 'நிழல்கள்' படத்தில் எஸ்.பி.பி. பாடிய பழைய 'மடை திறந்து' பாட்டை அப்பா கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அந்த இளையராஜா மெட்டுக்குள் புகுந்து தமிழை இந்த வேகத்தில் ஒருவர் பேசியதும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

வரிகள் எழுதி எங்கேயும் கிடைக்காது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்டில் எழுதுவேன். பாடிப் பார்த்தால் பாதியிலேயே மூச்சு முட்டும். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனித்து, அங்கே சிவப்புப் பேனாவில் ஒரு சாய்கோடு போடுவேன். கோடு சரியாக விழுந்தால் கடைசி எழுத்து வரை குரல் இறங்காது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதை விழுங்கிவிட்டால் வந்தானா, வரவில்லையா என்பதே கேட்பவருக்குப் புரியாது. வசனம் பேசுகிறவனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு நாடகக் குழுவில் சேர்ந்தபோது, மகனைப் பறிகொடுத்த அப்பா போலீஸ் ஸ்டேஷனில் பேசுவதாக ஒரு முழுப்பக்க வசனம் கொடுத்தார்கள். மைக் கிடையாது. பழைய பழக்கத்தில் கோடு போட்டுவைத்தேன். டைரக்டர் பிரதியை வாங்கிப் பார்த்து, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பாடிக் காட்டினேன்.

கர்நாடக சங்கீதம் படித்தால் மூச்சு வராதா, தெருக்கூத்து ஆடினால் வராதா என்று சண்டைக்கு வரவேண்டாம். தாராளமாக வரும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற எங்கள் தெருக் கானாக்காரர்களுக்கும் அந்த மூச்சு உண்டு. என் கைக்கு எட்டியது ராப். கெட்ட வார்த்தை இருக்கிறதே என்றால், இருக்கிறது, எல்லாப் பாட்டிலும் இல்லை. அமெரிக்க ராப் பாடகர் டுபாக் ஷகூர் என்றாலே துப்பாக்கி, ஜெயில் என்பார்கள். அவர் பால்டிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் பாலே நடனமும் படித்தவர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். இங்கிலாந்தின் ரிஸ் அகமது ராப் பாடகரும்தான். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையில் 2021-ல் அவர் பெயர் இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் ஆட்டோ டிரைவர் வேஷம். படம் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் என் வாய் அசைகிறது, குரல் வேறு யாருடையதோ. கேட்டதற்கு, "உன் பேச்சு ரொம்ப லோக்கலா இருந்துச்சுப்பா" என்றார்கள். கதைப்படி அந்த டிரைவரே வடசென்னைக்காரன்! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரியில் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. எங்கள் பேச்சுக்கு அத்தனை கூட்டமும் கைதட்டியது. அதே பேச்சைத்தான் டப்பிங் ஸ்டூடியோவில் அழித்தார்கள். குரலை மாற்றப் போகிறோம் என்று நடித்தவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடவா முடியாது? இன்றைக்கும் அடியாள் வேஷத்துக்கு மட்டும் எங்கள் ஏரியா ஞாபகம் வருகிறது அவர்களுக்கு.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் பெரிய பலன் இருக்காது. பிடித்த பாட்டை அவன் கையால் எழுதி, மூச்சு எடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இயர்போனைக் கழற்றிவிட்டு உங்கள் எதிரில் நின்று பாடட்டும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், பரீட்சை முடிந்ததும் பக்கத்தில் இருக்கிற நல்ல நாடகக் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஒத்திகை பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் இருக்கும், படிப்புக்கு இடைஞ்சல் இல்லை.