டைப்பை எழுதுவதா, கம்பைலரிடம் விடுவதா?

ஒரு மாறியில் இருப்பது எண்ணா, எழுத்தா என்று சொல்லும் வகைதான் டைப்; நிரலை ஓட்டுமுன் சரிபார்த்து மொழிபெயர்ப்பது கம்பைலர். பினாங்கிலும் கரையைத் தாண்டிப் பட்டர்வொர்த்திலும் இருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பாயான் லெப்பாஸில் நெடுநாளாக நிரல் எழுதிவரும் மூத்தவர்.

பட்டர்வொர்த் மாணவி: அண்ணா, ஜாவாவில் 'வார்' என்று எழுதினால் அது பைத்தான் போல ஆகிவிடுமா?

ஆகாது, தங்கச்சி. 2018-இல் ஜாவா 10-உடன் வந்த 'வார்' டைப்பை ஒழிக்கவில்லை. வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துக் கம்பைலரே முடிவு செய்துகொள்கிறது, அவ்வளவுதான். எண் வைத்த மாறியில் பிறகு பெயரைப் போட்டுப் பாருங்கள், நிரல் ஓடுவதற்கு முன்பே பிழை வரும். பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது.

ஜார்ஜ்டவுன் வாசகர்: உணவகப் பில்லில் 6 விழுக்காடு சேவை வரி பூஜ்யமாகவே வருகிறது. 'வார் வீதம் = 6 / 100' என்று எழுதியிருக்கிறேன். 'வார்'தான் காரணமா?

பழியை அதன்மேல் போடாதீர்கள். இரண்டும் முழு எண்கள்; ஜாவா வகுத்துவிட்டுப் பின்னத்தை வெட்டி எறிகிறது. பின்னத்தையும் தாங்கும் டைப்பான டபுளைப் போட்டு 'டபுள் வீதம் = 6 / 100' என்று எழுதியிருந்தாலும் 0.0-தான் கிடைத்திருக்கும். வகுத்து முடிந்த பிறகல்லவா டபுளாக மாற்றுகிறது!

100.0 என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் பணத்துக்கு டபுள் ஆகவே ஆகாது, அதில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து சரியாக 0.3 ஆவதில்லை. சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். 40 ரிங்கிட் என்றால் 4000. முதலில் ஆறால் பெருக்கி, பிறகு நூறால் வகுத்தால் 240 சென். மீதி விழும் தொகைகளை எப்படி முழுமையாக்குவது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். பணம் தொடும் மாறிகளுக்கு நான் எப்போதும் டைப்பை எழுதியே வைப்பேன். கஞ்சத்தனம் காட்டும் இடம் அதுவல்ல.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: சி++ லூப்பில் 'ஆட்டோ' போட்ட பிறகு வேகம் குறைந்துவிட்டது.

'ஆட்டோ' என்பது சி++-இன் 'வார்'. வெறும் 'ஆட்டோ', நகலெடுக்காமல் மூலத்தையே சுட்டும் ரெஃபரன்ஸைக் கழற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பதிவு முழுவதும் நகலாகிறது. 'கான்ஸ்ட் ஆட்டோ &' என்று எழுதுங்கள்.

பிறை வாசகர்: எங்கள் தலைவர் எல்லா இடத்திலும் டைப் எழுதச் சொல்கிறார். நியாயமா?

பாதி நியாயம். 'வார் பெயர்கள் = நியூ அரேலிஸ்ட்<ஸ்டிரிங்>()' என்ற வரியில் டைப் வலப்பக்கமே பளிச்சென்று தெரிகிறது; இரண்டு முறை எழுதுவது வீண் வேலை. 'வார் முடிவு = சேவை.பெறு()' என்பதோ ஒன்றுமே சொல்லவில்லை. அங்கே எழுதத்தான் வேண்டும்.

ஃபங்ஷனின் வாசலில், அதாவது அது வாங்குவதற்கும் திருப்பித் தருவதற்கும், டைப் எழுதுவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரஸ்ட் மொழி அங்கே டைப் கேட்டே தீரும். ஹாஸ்கெலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. டைப்பைக் கணிக்க 1978-இல் கணினி அறிஞர் ராபின் மில்னர் வெளியிட்ட வழிமுறையின் வம்சத்தில் வந்த மொழி, தானே கண்டுபிடித்துவிடும். இருந்தும் அதில் எழுதுகிறவர்கள் டைப்பை மேலே குறித்துவைக்கிறார்கள். குறிக்காமல் விட்டால், உள்ளே யாரோ ஒரு வரியை மாற்ற, திருப்பித் தரும் டைப் சத்தமில்லாமல் மாறி, சம்பந்தமே இல்லாத வேறொரு கோப்பில் பிழை வெடிக்கும். அதைத் தேடித் திரிவது பெரும் பாடு.

ஆயர் ஈத்தாம் மாணவர்: டைப்ஸ்கிரிப்டில் 'எனி' போட்டுச் சமாளிக்கலாமா?

தாராளமாக. 'எனி' டைப் சோதனையையே அணைத்துவிடும்; அதற்கு டைப் எழுதாத ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்திருக்கலாமே, தம்பி! என்ன வரும் என்று தெரியாத இடத்தில் 'அன்னோன்' போடுங்கள். சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்த அது விடாது.