மாடி ரூமை போக்கர் ரூமா மாத்தணும்னா என்ன பண்ணலாம்?

10க்கு 12 ரூம், ஆறு பேர் உக்காந்து போக்கர் சீட்டாட்டம் ஆடணும்னு கேட்டிருக்கீங்க. அண்ணாச்சி, முதல்ல டேபிள், மத்ததெல்லாம் அப்புறம்தான். 4 அடி வட்ட டேபிள் போதும், ஆளுக்கு ரெண்டடி விளிம்பு கிடைக்கும், சுத்தி 3 அடி இடமும் இருக்கும், சேரை பின்னால தள்ளி எந்திரிக்கலாம். படத்துல பாத்துட்டு 8 அடி ஓவல் டேபிள் வாங்கிராதீங்க, அப்புறம் சுவத்த உரசிக்கிட்டேதான் ஆடணும்.

நான் செங்கோட்டைல இருக்கேன், ஆனி ஆடி சாரல்ல என்ன ஆகும்னு பட்டுதான் தெரிஞ்சுகிட்டேன். சாதா பிளைவுட்ல பண்ணுனேன், ரெண்டே மாசத்துல ஓரம் ஊதி, மேல ஒட்டுன ஃபெல்ட் துணி கொப்புளம் மாதிரி தூக்கிருச்சு, பேப்பர் சீட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு பிரிக்கவே வரல. அதனால 18 எம்எம் மெரைன் பிளை (ஈரம் தாங்குற பிளைவுட்), அது மேல மெல்லிசா ஃபோம், அதுக்கு மேல துணி, சீட்டு மட்டும் பிளாஸ்டிக்ல வாங்கிருங்க.

லைட்டு? கேரம் கிளப்ல போர்டுக்கு மேல தொங்கவிடுவாங்கல்ல, அதே ஐடியாதான், டேபிள்லருந்து மூணடி உயரத்துல மூடி போட்ட மஞ்ச பல்பு ஒண்ணு. கண்ணும் கூசாது, சீட்டுலயும் பளபளப்பு அடிக்காது. சுவருக்கு கரும்பச்சையோ மெரூனோ, உங்க இஷ்டம்.

காசு வச்சு ஆடுறது மட்டும் வேணாம், இங்க 1930 சட்டம், மலை தாண்டி புனலூர் போனா 1960 கேரள சட்டம்னு ரெண்டு பக்கமும் சூதாட்டத்துக்கு கேஸ் இருக்கு. பந்தயத்துக்கு காசு மாதிரி வைக்கிற சிப்ஸ் வில்லைக்கு பதிலா நாங்க புளியமுத்து வச்சுதான் ஆடுறோம்.